முந்தானையைக் கையோடு கொண்டு போங்கள்



கேமரன் மலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை காலமாகி ஓராண்டு ஆகிறது. அவர் விட்டுப் போனவற்றுள் ஒன்று, வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய லேண்ட் ரோவர். காய்கறிக் கூடைகளை ஏற்றி இறக்கியே அந்தக் குடும்பத்தை வளர்த்த வண்டி. அதைப் பழையபடி ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மகனுடைய ஆசை. ஆனால் உதிரி பாகம் கேட்டுக் கடைக்குப் போனால், ஒரே சாமானுக்கு மூன்று விலை சொல்கிறார்களாம்.

"ஒன்று அசல் என்கிறார்கள். ஒன்று அசலுக்குச் சமம் என்கிறார்கள். மூன்றாவதைக் காட்டி, 'இதுவும் பொருந்தும், விலை மலிவு' என்கிறார்கள். நான் எதை வாங்குவது ஐயா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை என் தாய்மாமன் கேட்காமல் விட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தில் என்ன நடக்க இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

வண்டி சமாசாரம் நமக்கு எதற்கு என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் எல்லாரையும் விட விவரமாகப் பேசியவர் என் அத்தைதான்.

மலையின் லாரி

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் சாலையோரம் பார்த்தால் பழைய லேண்ட் ரோவர்கள் வரிசையாக நிற்கும். மற்ற ஊர்களில் இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. மலையிலோ இதுதான் லாரி. கோஸும் தக்காளியும் கீரையும் செங்குத்தான தோட்டப் பாதைகளிலிருந்து பெரிய சாலைக்கு வருவது இதன் முதுகில்தான்.

இந்த வண்டி முதன்முதலில் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் ரோவர் கம்பெனியார் வண்டியின் மேலுடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடே பின்னாளில் வரமாயிற்று. நம் மலையின் மழையிலும் பனியிலும் மேலுடம்பு துருப்பிடிக்காமல் நிற்பது அதனால்தான். ஆனால் உடம்பைத் தாங்கும் சேசிஸ் சட்டமும், ஓட்டுநர் கால் வைக்கும் முன்சுவரும் இரும்பு. அவை உள்ளிருந்து அரித்துப் போகும். மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும்.

என் மாமா தேயிலைத் தோட்டத்தில் டிரைவர் வேலை பார்த்தவர். அவர் ஓட்டியது 1966ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், 109 அங்குல நீள வண்டி, பின்னால் திறந்த பெட்டி. பகலில் உர மூட்டை ஏற்றும். மாதக் கடைசியில் சம்பளப் பணத்துக்குப் போய் வரும். இரவில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடும். என் தம்பி பிறந்த இரவில் என் அம்மாவைக் கொண்டு போனதும் அதே வண்டிதான். பிற்பாடு தோட்டம் அதைக் கழித்துவிட்டபோது மாமா தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். வேலை ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் அது கொட்டகையில் தூங்கியது.

2018இல் மாமாவுக்கு அதை எழுப்பும் ஆசை வந்தது. பேத்தியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டி போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

மினுமினுப்புக்கு முதல் மரியாதை

வைத்திருந்த பணத்தை மாமா எப்படிச் செலவழித்தார் என்று கேளுங்கள். முதலில் பச்சைப் பெயிண்ட். அடுத்து முன்பக்கக் கம்பி வலை, பெயர்த் தகடு, புது இருக்கை, கதவு ரப்பர், புது விளக்கு. வந்தவர்கள் எல்லாம் "அடடா, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கே!" என்றார்கள். மாமா பூரித்துப் போனார்.

கடைசியில் பிரேக்குக்கு வந்தபோது கையில் இருந்தது கொஞ்சம். பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. வீல் சிலிண்டர் மாற்ற வேண்டும். பட்டணத்தில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர், "எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டார். மாமா, "லேண்ட் ரோவர்தான் தவுக்கே. எல்லாம் ஒண்ணுதானே" என்றார். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெட்டியில் வண்டியின் பெயர் இருந்தது, படமும் இருந்தது. விலையும் மலிவு. வாங்கி வந்துவிட்டார்.

பூட்டும்போது குழாய் நட்டு விரலாலேயே சுலபமாக உள்ளே போனதாம். கொஞ்சம் ஆட்டமும் இருந்ததாம். "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டார். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது ஞாயிறு, பேரப்பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் பக்கம் இறங்கினார். ஒரு வளைவில் முன்னால் போன வேன் திடீரென நின்றது. மாமா பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதி தரையில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து லேண்ட் ரோவரில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் போகிறது. ஒரு சக்கரத்தில் குழாய் கழன்றாலும் நான்கும் போச்சு. இப்போது வரும் வண்டிகளில் வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். பழைய வண்டியில் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

மாமா நாற்பது ஆண்டு மலையில் ஓட்டியவர். கியரை இரண்டுக்கு இறக்கினார். கை பிரேக்கை இழுத்தார். லேண்ட் ரோவரின் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சுழலும் தண்டின் மேல் தனியாக இருக்கிறது. அதற்கு ஆயில் தேவையில்லை. அது பிடித்தது. இடது சக்கரங்களை மண் கால்வாயில் இறக்கி, மலைச் சரிவில் உரசி வண்டியை நிறுத்தினார். சின்னவனுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். மற்றபடி ஒன்றுமில்லை. மாமா பத்து நிமிடம் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லையாம். பையன்கள் சொன்னார்கள்.

என்ன நடந்தது?

அன்று மாலை நானும் போயிருந்தேன். பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். குழாய் நட்டு சிலிண்டரிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நட்டின் மரை சுரண்டி வழுவழுவென்று ஆகியிருந்தது.

காரணம் மிகச் சிறியது. மாமா வண்டியின் பிரேக் குழாய் நட்டு, எட்டில் மூன்று அங்குலம். அங்குலத்துக்கு 24 மரை. புதிய சிலிண்டரின் துளையோ மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியது. பின்னாளில் வந்த வண்டிகளுக்கானது. 10 மில்லிமீட்டர் துளை, மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. எட்டில் மூன்று அங்குலம் என்றால் 9.5 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. நட்டு உள்ளே போகும், இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓங்கி மிதிக்கும் நாளில் கைவிடும்.

பாகம் போலியா? இல்லை. சரியான வண்டியில் போட்டிருந்தால் நன்றாகவே உழைத்திருக்கும். கடைக்காரர் ஏமாற்றினாரா? அவர் வருஷத்தைக் கேட்டார்; மாமா சொல்லவில்லை.

அத்தை அதுவரை வாய் திறக்கவில்லை. பேரனின் நெற்றிக்கு மருந்து தடவிக்கொண்டே சொன்னார்: "ஏங்க, ஒரு சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனாக்கூட நாங்க முந்தானையைக் கையோட கொண்டு போறோம். கடையில சிவப்புன்னு சொன்னா பத்து சிவப்பு இருக்கும். வச்சுப் பாத்துதான் எடுப்போம். நீங்க பிள்ளைங்க உசிரு சம்பந்தப்பட்ட சாமானை வாய்ச் சொல்லாலே வாங்கிட்டு வந்தீங்களே!"

மாமா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "மாப்ளே, அவ சொல்றது சரிதான்" என்றார். அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய கட்டுரையின் சாரம். இனி அதை விரித்துச் சொல்கிறேன்.

முதலில் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லேண்ட் ரோவர் என்ற பெயர் ஒன்றுதான். வண்டிகள் பல. முதல் வரிசை 1948 முதல் 1958 வரை. இரண்டாம் வரிசை 1958இல் வந்தது. இரண்டு-ஏ 1961இல். மூன்றாம் வரிசை 1971 முதல் 1985 வரை. இவற்றிலும் 88 அங்குலக் குட்டை வண்டி, 109 அங்குல நீள வண்டி என்று உண்டு. குட்டை வண்டிக்கு 10 அங்குலப் பிரேக் டிரம். நீள வண்டிக்கு 11 அங்குலம். இரண்டு-ஏ வண்டியின் கியர் பெட்டி வேறு, மூன்றாம் வரிசையின் கியர் பெட்டி வேறு. 2,286 சிசி பெட்ரோல் எஞ்சினிலேகூட, 1980க்கு முன் வந்ததில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் மூன்று. பின்னர் வந்ததில் ஐந்து.

போதாக்குறைக்கு, நம் நாட்டில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் பாதி ஒன்று, பாதி மற்றொன்று. ஐம்பது ஆண்டில் யார் யாரோ எதை எதையோ மாற்றியிருப்பார்கள். 1966ஆம் ஆண்டு சேசிஸின் மேல் 1975ஆம் ஆண்டு கியர் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஆகவே பதிவு அட்டையில் உள்ள வருஷத்தை மட்டும் நம்பிச் சாமான் வாங்காதீர்கள்.

இந்த வரிசை வண்டிகளில் சேசிஸ் எண் வலது முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்பில் வெட்டப்பட்டிருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். இரண்டாம் வரிசை வண்டிகளில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். உள்ளே முக்கியமான மாறுதல் செய்த ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தை மாற்றினார்கள். எஞ்சினுக்கும் அப்படியே. அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிறகு வண்டிக்கான பாகப் பட்டியல் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். படத்தோடும் எண்ணோடும் ஒவ்வொரு நட்டும் அதில் இருக்கும். கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்பது மேல்.

மூன்று விலையின் பொருள் என்ன?

வாசகர் கேட்ட மூன்று விலைக்கு வருகிறேன்.

முதல் வகை, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது. விலை அதிகம். பழைய வண்டிகளின் பல பாகங்களுக்கு இந்த வகை இப்போது கிடைப்பதே இல்லை.

இரண்டாம் வகை, வண்டிக் கம்பெனிக்கு அந்தக் காலத்தில் பாகம் செய்து கொடுத்த தொழிற்சாலைகளின் சரக்கு. வண்டிக் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. மின்சாரச் சாமான் ஒருவர், பிரேக் ஒருவர், பேரிங் ஒருவர் என்று பிரித்துக் கொடுத்திருந்தது. அதே பெயரில் வரும் சரக்கு நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய பெயர்கள் கை மாறியிருக்கின்றன. பெட்டியின் மேல் உள்ள பெயர் பழையது; உள்ளே உள்ள பொருள் வேறு எங்கோ செய்ததாக இருக்கலாம். பெட்டியைப் படித்துவிட்டுப் பொருளையும் பாருங்கள்.

மூன்றாம் வகை, பிற தொழிற்சாலைகள் அளவெடுத்துச் செய்யும் மாற்றுப் பாகம். இதைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. இது இல்லையென்றால் பழைய வண்டிகள் பாதி என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இதில் அருமையான சரக்கும் உண்டு, பெயருக்குச் செய்த சரக்கும் உண்டு. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் தொல்லை.

அப்படியானால் எங்கே எதை வாங்குவது? அத்தை வீட்டில் மூன்று கூடை வைத்திருப்பார். அரிசி பருப்புக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, பலகாரத்துக்கு ஒன்று. மாதப் பணம் அந்த வரிசையில்தான் இறங்கும். வண்டிக்கும் அப்படி மூன்று கூடை வையுங்கள்.

முதல் கூடை: உயிர்

நிறுத்துவது, திருப்புவது, சக்கரத்தைத் தாங்குவது. இந்தக் கூடைக்குப் பணம் முதலில் போக வேண்டும். மலிவு பார்க்கக் கூடாத இடம் இதுதான்.

வீல் சிலிண்டர், பெரிய சிலிண்டர், பிரேக் ரப்பர் குழாய் ஆகியவற்றைத் தெரிந்த தரத்தில் வாங்குங்கள். நட்டும் துளையும் ஒரே மரைதானா என்று கையால் பூட்டிப் பாருங்கள். சரியான மரை ஆட்டமில்லாமல் கடைசி வரை விரலாலேயே ஓடும். ஆட்டம் இருந்தால், அல்லது இரண்டு சுற்றில் முறுக்கிக்கொண்டால், நிறுத்திவிடுங்கள். ஸ்பேனரைக் கொண்டு சமாதானம் செய்யாதீர்கள்.

பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பிப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. மலை போன்ற ஈரமான ஊரில் சொல்லவே வேண்டாம். பாதி காலியாகி அலமாரியில் கிடக்கும் பாட்டிலை ஊற்றாதீர்கள். மூடி உடைக்காத பாட்டிலாகப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பழைய பிரேக் ஷூவைக் கழற்றும்போது டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலுக்குக் கேடு. இங்கிலாந்தில் 1999இல் அதைத் தடை செய்தார்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஸ்டீயரிங் முனை மூட்டுகளில் வலது மரையும் உண்டு, இடது மரையும் உண்டு. பார்த்து வாங்குங்கள். மலிவுச் சரக்கில் அவற்றின் ரப்பர் உறை சீக்கிரம் வெடித்துவிடும். வெடித்தால் மண்ணும் தண்ணீரும் புகுந்து மூட்டு தேயும்.

பின் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் இந்த வண்டிகளின் பழைய பலவீனம். பாரம் ஏற்றிச் செங்குத்தில் கிளட்சை வெடுக்கென்று விட்டால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் வண்டி நகராது என்பது மட்டுமல்ல. என் மாமாவைக் காப்பாற்றிய கை பிரேக்கும் அந்த நேரம் வேலை செய்யாது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறதே! ஆகவே இதிலும் பேரம் வேண்டாம்.

இரண்டாம் கூடை: ஓட்டம்

எஞ்சின், மின்சாரம், தண்ணீர். இங்கே தவறினால் வண்டி வழியில் நிற்கும், உயிர் போகாது. நடுத்தர விலை போதும். ஆனால் சில இடங்களில் கண் வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு ரோட்டர், கண்டென்சர் ஆகிய இரண்டும் மலிவுச் சரக்கில் அடிக்கடி கை கொடுக்காது. ரோட்டரில் உலோகத் துண்டைப் பிடிக்கும் ஆணி அடிவரை இறங்கியிருந்தால், மின்பொறி உள்ளே உள்ள தண்டுக்குத் தாவிவிடும். எஞ்சின் சூடானதும் நிற்கும், ஆறினால் ஓடும். மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார். ஆகையால் ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கழற்றினால், அதை எறியாமல் வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

இன்னொன்று. அறுபதுகளின் நடுவரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இக்காலத்து மின்சாரச் சாமான்கள் பெரும்பாலும் நெகட்டிவ் முனை இணைப்புக்கானவை. பார்க்காமல் பூட்டினால் ஒரு நொடியில் கருகிவிடும்.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் ஒரு நல்ல சேதி. சக்கரப் பேரிங்குகள் லேண்ட் ரோவருக்கென்று தனியாகப் பிறந்தவை அல்ல. உலகம் முழுவதும் பொதுவான அளவு. வளையத்தின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்கே போங்கள். வண்டியின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொன்னால், பெயர் பெற்ற தயாரிப்பு நியாயமான விலையில் கிடைக்கும். ஆயில் சீலுக்கு உள் வட்டம், வெளி வட்டம், கனம் என்ற மூன்று அளவு போதும். ஆனால் சீல் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாயிருந்தால், எந்தச் சீல் போட்டாலும் ஒழுகும். சக்கரத்து ஆயில் ஒழுகினால் பிரேக் ஷூ நனையும். பார்த்தீர்களா, இரண்டாம் கூடை எப்படி முதல் கூடைக்குள் வந்துவிடுகிறது!

மூன்றாம் கூடை: அழகு

முன் வலை, பெயர்த் தகடு, கதவு ரப்பர், இருக்கை, பெயிண்ட். இங்கே தாராளமாக மலிவு பாருங்கள். பழைய சாமானே கிடைத்தால் இன்னும் நல்லது. கழித்துவிட்ட வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் கதவும் மட்கார்டும் கிடைக்கும். அலுமினியத் தகடு என்பதால் பழையதும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். அந்த ஓரங்களைச் சுரண்டிப் பாருங்கள்.

சேசிஸ் அரித்துப் போயிருந்தால் அது அழகுச் செலவு ஆகாது, முதல் கூடை. துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஆனால் சேசிஸில்தானே வண்டியின் எண் இருக்கிறது! ஆகவே சேசிஸையோ எஞ்சினையோ மாற்றுவதற்கு முன்னால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பிற்பாடு போய் நின்றால், அசல் வண்டியே திருட்டு வண்டி மாதிரி ஆகிவிடும்.

கடையில் நிற்கும்போது

பழைய பாகத்தைத் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் வையுங்கள். நீளம், துளை, மரை, எடை எல்லாம் பாருங்கள். புதியது மிகவும் இலேசாக இருந்தால் யோசியுங்கள். ரப்பரை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அது நெடுநாள் கடையில் கிடந்த சரக்கு. பொருந்தாவிட்டால் திருப்பிக்கொள்வீர்களா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். ரசீது வாங்குங்கள். கடைக்காரர் திருப்பிக் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வருஷம் என்ன, எழுத்து என்ன என்று கேட்பவரே நல்ல வியாபாரி.

இப்போது பலர் கைத்தொலைபேசியிலேயே வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைக்கிறார்கள். செய்யலாம். ஆனால் படத்தின் மேல் வைத்துப் பார்க்க முடியாதல்லவா? பாக எண், அளவு, மரை ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். தபால் செலவும் வரியும் சேர்ந்தால் மலிவு மலிவாக இராது. அக்கம்பக்கத்தில் இதே வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரவழைத்தால் கட்டுப்படியாகும்.

எல்லாவற்றுக்கும் முன், பழையதைப் பழுது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தரும் பட்டறைகள் உண்டு. ரேடியேட்டருக்குப் புது உள்கூடு வைத்துத் தருவார்கள். தேய்ந்த சிலிண்டருக்கு உள்ளே குழாய் இறக்கித் தருவார்கள். அந்தக் காலத்து வார்ப்பு பல நேரம் இந்தக் காலத்துப் புதுச் சரக்கைவிட உறுதி. வேலைத் திறமையும் நம் ஊரிலேயே தங்கும்.

மாமா வீட்டுக் கொட்டகை

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாமா வண்டியை ஐந்து மாதம் சாலையில் எடுக்கவில்லை. பிரேக் முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு நட்டாகப் பார்த்துப் பூட்டினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? புதிதாகப் போட்ட இருக்கையையும் விளக்குகளையும் ஒரு நண்பரிடம் விற்றுவிட்டார். பழைய இருக்கையின் கிழிசலை அத்தை தைத்துக் கொடுத்தார்.

அத்தை இன்னொன்றும் செய்தார். காலி பிஸ்கட் டின்களைக் கழுவி அடுக்கினார். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகமும் அதில் போகும். மேலே துண்டுக் காகிதத்தில் எந்தச் சக்கரம், எந்தப் பக்கம், என்றைக்குக் கழற்றியது என்று தம் கையெழுத்தில் ஒட்டிவைத்தார். கடைக்குப் போகும் நாளில் மாமா அதற்கான டின்னை எடுத்துக்கொண்டுதான் படி இறங்குவார்.

கல்யாணத்தன்று அந்த வண்டி மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றது. நான் கவனித்தது பெயிண்டை அல்ல. மேட்டிலிருந்து இறங்கி வந்து, மாமா மெல்ல மிதித்ததும், குலுங்காமல் நின்றதே, அதைத்தான்.

கடிதம் எழுதிய தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் தந்தை ஓட்டிய வண்டி. அதன் பச்சை நிறத்தை விட அது உங்களை எத்தனையோ முறை பத்திரமாக வீடு கொண்டு வந்து சேர்த்ததுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையை முதலில் மீட்டுக் கொடுங்கள். பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பெயிண்ட் கடைசியில் இருக்கட்டும். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தை மறக்காமல் கையோடு கொண்டு போங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில் வேறு ஒரு வாசகரின் கேள்வியோடு வருகிறேன். வணக்கம்.